மடியில் இருக்கும் பயணிக்கும் ஒரு சான்று

1980களில் மீனம்பாக்கத்திலிருந்து மதுரைக்கோ டெல்லிக்கோ கைக்குழந்தையோடு விமானம் ஏறிய தாயிடம் கவுன்டரில் கேட்கப்பட்ட கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “குழந்தைக்கு என்ன வயசும்மா?” அவர் சொன்ன பதிலே போதும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பெரியவர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு. இரண்டிலிருந்து பன்னிரண்டு வரை பாதிக் கட்டணம். மை படிந்த தாள்களை அடுக்கித் தைத்த டிக்கெட்டில் குழந்தை என்று ஒரு குறிப்பு. பெயர் வைக்காத பிள்ளையானால் இன்னாரின் குழந்தை என்று எழுதிக்கொள்வார்கள். விமானம் கிளம்பும்முன் பணிப்பெண் தட்டில் மிட்டாயும் காதில் வைக்கப் பஞ்சும் கொண்டுவருவார். அந்தக் குழந்தை யார், யாருடைய பிள்ளை என்று யாரும் தாள் கேட்டதில்லை.

குழந்தையை மட்டுமல்ல, பெரியவர்களையும் கேட்டதில்லை. உள்நாட்டு விமானத்தில் டிக்கெட்தான் எல்லாம். கையில் அந்தத் தாள் இருந்தால், அதில் எழுதியிருக்கும் ஆள் நீங்களா என்று படம் பார்த்து ஒப்பிடும் வழக்கம் இல்லை. அண்ணன் பெயரில் எடுத்த டிக்கெட்டில் தம்பி போய்வந்த கதை, அக்காலத்தில் பறந்தவர்கள் வீடுகளில் இன்றும் உண்டு. பறந்தவர்களும் கொஞ்சம்பேர். 1953 முதல் நாற்பது ஆண்டுகள் உள்நாட்டு வானத்தில் ஏறக்குறைய இந்தியன் ஏர்லைன்ஸ் ஒன்றே பறந்தது. அதில் ஏறுகிறவர் அதிகாரியாகவோ, கம்பெனிக்காரராகவோ, வசதியான வீட்டவராகவோ இருப்பார். அவர் சொல்லை நம்பிவிடலாம் என்ற எண்ணமும் அந்த ஏற்பாட்டில் கலந்திருந்தது. இதே நம்பிக்கை பேருந்தில் ஏறிய ஏழைத் தாய்க்குக் கிடைத்ததில்லை. “இவ்வளவு உயரமா இருக்கான், அரை டிக்கெட் எடும்மா” என்று நடத்துனர் கறாராகத்தான் நின்றார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சான்று கேட்டிருந்தாலும் அன்று பல வீடுகளில் அது இருந்திருக்காது. பிறப்பையும் இறப்பையும் பதிவுசெய்வதற்கான மத்தியச் சட்டம் வந்ததே 1969இல். அதற்குப் பிறகும் வீட்டில் மருத்துவச்சி கையில் பிறந்த பிள்ளைகள் எத்தனையோ பேர் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனால், வலது கையைத் தலைக்குமேல் வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் ஐந்து வயது. தலைமையாசிரியர் ஜூனுக்குத் தோதாக ஒரு தேதியைப் போட்டுக்கொள்வார். அந்தத் தேதியே பிறகு பள்ளிச் சான்றிதழிலும், வேலையிலும், ஓய்வூதியத்திலும் தொடர்ந்து வந்தது. பிறந்த நாழிகையும் நட்சத்திரமும் பாதமும் பிசகாமல் ஜாதக நோட்டில் எழுதிவைத்த அதே வீட்டில், அரசாங்கம் ஏற்கும் ஒரு பிறந்த தேதி இருக்காது. நமக்குப் பிறந்த நேரம் முக்கியமாக இருந்தது. பதிவு முக்கியமாக இல்லை.

இந்த நம்பிக்கைக் காலம் ஒரே நாளில் முடிந்துவிடவில்லை. 1971 ஜனவரியில் ஸ்ரீநகரிலிருந்து ஜம்முவுக்குக் கிளம்பிய ‘கங்கா’ விமானம் லாகூருக்குக் கடத்தப்பட்டது. 1976 செப்டம்பரில் டெல்லியிலிருந்து புறப்பட்ட இன்னொரு விமானமும் லாகூருக்குப் போனது. அதன் தொடர்ச்சியாகத்தான் 1978இல் சிவில் விமானப் பாதுகாப்புக்கென்று தனிப் பிரிவு தொடங்கி, 1987இல் தனித் துறையானது. 1984 ஆகஸ்டில் மீனம்பாக்கம் விமான நிலையத்திலேயே குண்டு வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒவ்வொன்றுக்குப் பிறகும் சோதனை இறுகியது. ஆனால் அந்தச் சோதனை பெட்டியையும் உடம்பையும் பார்த்தது. என்ன கொண்டுபோகிறாய் என்பதே கேள்வி. நீ யார் என்று கேட்கும் வழக்கம் பின்னால்தான் வேரூன்றியது.

1999 டிசம்பர் 24 அன்று காட்மாண்டுவிலிருந்து டெல்லிக்கு வந்துகொண்டிருந்த ஐசி 814 கடத்தப்பட்டு காந்தஹாருக்குக் கொண்டுபோகப்பட்டது. அடுத்த ஆண்டே மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை விமான நிலையங்களைத் தன் பொறுப்பில் எடுக்கத் தொடங்கியது. முதலில் ஜெய்ப்பூர், பின்பு மற்றவை. வாசலில் துப்பாக்கி ஏந்திய வீரர், அவர் கையில் நம் டிக்கெட்டும் அடையாள அட்டையும் என்ற இன்றைய காட்சி அப்படித்தான் பழக்கமானது. பாதுகாப்பு மட்டுமே காரணம் என்றும் சொல்ல முடியாது. 2003இல் குறைந்த கட்டண விமான நிறுவனமான ஏர் டெக்கான் வந்து, நடுத்தரக் குடும்பங்களும் பறக்க ஆரம்பித்தன. இணையத்தில் எடுத்த டிக்கெட்டை யார் வேண்டுமானாலும் எத்தனை படி வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். 2008 ஜூனோடு உலக விமானப் போக்குவரத்துச் சங்கம் தாள் டிக்கெட்டையே நிறுத்திவிட்டது. தாள் சான்றாக இருந்த இடத்துக்கு ஆள் வந்துவிட்டார். ஆளுக்குப் படம் போட்ட அட்டை வேண்டியதாயிற்று.

அப்படியானால், மடியில் இருக்கும் குழந்தைக்கு?

இங்கேதான் பெற்றோர் பலர் குழம்புகிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. விமான நிலையத்தில் இரண்டு தனித்தனித் தரப்பு இரண்டு தனித்தனிக் காரணத்துக்காகக் குழந்தையைப் பார்க்கின்றன. வாசலில் நிற்பது பாதுகாப்பு. 2017 அக்டோபரில் சிவில் விமானப் பாதுகாப்புத் துறை, உள்ளே வர எந்தெந்த அட்டை செல்லும் என்று பட்டியலிட்டது. பாஸ்போர்ட், வாக்காளர் அட்டை, ஆதார் அல்லது கைப்பேசியில் உள்ள எம்ஆதார், பான் அட்டை, ஓட்டுநர் உரிமம், பணியிட அட்டை, மாணவர் அட்டை, படத்தோடு கூடிய வங்கிப் புத்தகம் எல்லாம் அதில் உண்டு. தகுந்த அடையாளச் சான்று வைத்திருக்கும் பெற்றோரோடு வரும் குழந்தைக்கும் சிறாருக்கும் தனியே அடையாளச் சான்று தேவையில்லை என்றும் அதே அறிவிப்பு சொன்னது. நல்ல முடிவு. தன் முகத்தைத் தானே அறியாத பிள்ளையிடம் படம் போட்ட அட்டை கேட்பதில் பொருளில்லை.

வாசல் தாண்டி உள்ளே போனால் விமான நிறுவனத்தின் கவுன்டர். அவர்கள் கேட்பது வயதுச் சான்று. கைக்குழந்தைக் கட்டணத்தில் டிக்கெட் எடுத்திருந்தால், அந்தக் குழந்தைக்கு இரண்டு வயது நிறையவில்லை என்று காட்டியாக வேண்டும். பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், ஆதார் ஆகியவற்றில் ஒன்று வேண்டும். பிறந்து சில வாரங்களே ஆனதென்றால் ஆஸ்பத்திரியில் தாய்க்குக் கொடுத்த டிஸ்சார்ஜ் தாளைப் பல நிறுவனங்கள் ஏற்கின்றன. தடுப்பூசி அட்டையை ஏற்பவையும் உண்டு. எதுவும் இல்லையென்றால் முழுக் கட்டணம் கட்டச் சொல்வார்கள். “வாசல்ல ஒண்ணும் கேக்கலியே, இப்ப நீங்க மட்டும் கேக்கறீங்களே” என்று தாய் தவிப்பதும், “ரூல் அப்படித்தான் மேடம்” என்று கவுன்டரில் இருக்கும் இளம்பெண் திரும்பத் திரும்பச் சொல்வதும் இந்த இரட்டைக் கேள்வியால் வருவது. டிக்கெட் எடுக்கும் பக்கத்திலேயே, பணம் கட்டும்முன், தமிழிலும் இந்தியிலும் மற்ற மொழிகளிலும் பெரிய எழுத்தில் இதைச் சொல்லிவிட்டால் அந்தத் தவிப்பில் பாதி இல்லாமல் போகும். ஏன் இன்னும் செய்யவில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

வயதைக் கறாராகப் பார்ப்பது பணத்துக்காக மட்டும்தான் என்று நினைத்துவிடக் கூடாது. கைக்குழந்தைக் கட்டணத்தில் வரும் குழந்தைக்குத் தனி இருக்கை கிடையாது. தாயின் பெல்ட்டில் மாட்டும் சிறு பெல்ட்தான் அதற்குப் பிடிமானம். பக்கத்துக்கு மூன்று இருக்கை உள்ள விமானத்தில், மேலிருந்து இறங்கும் ஆக்சிஜன் முகமூடிகள் அந்த மூவருக்கும் மூன்று, கூடுதலாக ஒன்று, மொத்தம் நான்கு. அந்த நான்காவதுதான் மடிக்குழந்தைக்கு. ஒரே வரிசையில் ஒரே பக்கம் இரண்டு கைக்குழந்தைகள் உட்கார்ந்தால் ஒன்றுக்கு மூச்சு இல்லை. ஆகவே எத்தனை கைக்குழந்தைகள், எந்தெந்த இருக்கையில் என்று கணக்கு எழுதியே விமானம் கிளம்புகிறது. இரண்டரை வயதுப் பிள்ளையை ஒன்றரை என்று சொல்லி மடியில் வைத்தால், விமானம் குலுங்கும்போது அந்த எடையைத் தாயின் கைகளால் பிடித்துவைக்க முடியாது.

பிறந்து சில நாளே ஆன பிள்ளைக்கும் வரம்பு இருக்கிறது. சில நிறுவனங்களில் மூன்று நாள், சிலவற்றில் ஏழு நாள். அதற்கு முன் ஏற்றுவதில்லை.

பேருந்தில் அரை டிக்கெட்டுக்கு வயதைக் குறைத்துச் சொல்லும் பழக்கம் நம் ஊரில் எளிதில் போய்விடவில்லை. அந்தப் பழக்கத்தின் பின்னால் இல்லாமை இருந்தது என்பதை மறக்கக் கூடாது. தமிழ்நாடு அரசு 2022இல் பேருந்தில் ஐந்து வயதுவரை கட்டணமில்லை என்று அறிவித்தபோது, எத்தனையோ தாய்மார்கள் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. விமானத்தில் நேர்மாறாக நடந்திருக்கிறது. பாதிக் கட்டணம் என்ற பழைய சலுகை பெரும்பாலான உள்நாட்டு விமானங்களில் காணாமல் போய்விட்டது. இரண்டு வயது நிறைந்த நாளிலிருந்து குழந்தைக்கும் பெரியவர் கட்டணமே. போகும்போது இரண்டு நிறையாமல் இருந்து, திரும்பும்போது நிறைந்துவிட்டால் திரும்பும் பயணத்துக்குத் தனி இருக்கை எடுத்தாக வேண்டும். பிறந்தநாள் கொண்டாட ஊருக்குப் போகும் குடும்பங்கள் இதில்தான் அதிகம் மாட்டிக்கொள்கின்றன.

தமிழ்க் குடும்பங்களுக்கென்றே இருக்கும் ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். பெயர்ச் சிக்கல். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்து முன்னால் நிற்கும், அவ்வளவுதான். பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயர் ஒரு கட்டத்தில், தந்தை பெயர் இன்னொரு கட்டத்தில். டிக்கெட் எடுக்கும் படிவமோ முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கேட்கிறது. இரண்டையும் நிரப்பாமல் நகர விடாது. ஒரு வீட்டில் அப்பா பெயரைக் கடைசிப் பெயராகப் போடுவார்கள். இன்னொரு வீட்டில் குழந்தை பெயரையே இரண்டு தடவை போடுவார்கள். வேறொரு வீட்டில் முன்னெழுத்தைப் பிரித்து இறுதியில் வைப்பார்கள். பிறகு ஆதார் எடுக்கும்போது எழுத்து வேறு மாதிரி விழும். கவுன்டரில் இருப்பவர் வடநாட்டவரானால் மூன்று தாளிலும் மூன்று பெயரா என்று புருவம் உயர்த்துவார். பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: பிறப்புச் சான்றிதழில் என்ன எழுத்தோ அதே எழுத்து ஆதாரிலும் பாஸ்போர்ட்டிலும் வரும்படி முதல் நாளே கவனித்துக்கொள்ளுங்கள். எண்கணிதம் பார்த்து ஓர் எழுத்தைக் கூட்டுவதாக இருந்தால் பதிவுக்கு முன்பே கூட்டிவிடுங்கள்.

பெயரே வைக்காமல் பயணம் செய்யும் குழந்தைகளும் உண்டு. பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்து, முப்பதாம் நாள் பெயர்சூட்டு விழாவைக் கணவர் ஊரில் வைத்துக்கொள்பவர்கள், அந்தமானிலிருந்தோ மும்பையிலிருந்தோ வந்தவர்கள், இன்னாரின் குழந்தை என்று ஆஸ்பத்திரி எழுதிய தாளோடுதான் விமானம் ஏறுகிறார்கள். அன்றைய பழக்கத்தில் இன்றும் மிஞ்சியிருப்பவற்றில் இது ஒன்று.

2009இல் ஆதார் ஆணையம் அமைந்தது. 2010 செப்டம்பரில் மகாராஷ்டிரத்தின் தெம்ப்லி என்ற பழங்குடிக் கிராமத்தில் முதல் எண் வழங்கப்பட்டது. அது குழந்தைகளுக்கும் வந்தபோது, ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு நீல நிறத்தில் தனி அட்டை. அதில் கைரேகையும் இல்லை, கண் பதிவும் இல்லை. பெற்றவரின் எண்ணோடு பிணைத்து ஒரு படம் மட்டும். அந்தப் படம் ஆறு மாதத்தில் வேறு ஆளாகிவிடும். ஐந்து வயதில் ஒருமுறை, பதினைந்தில் ஒருமுறை கைரேகையும் கண்ணும் பதிந்தாக வேண்டும். விமானப் பயணத்துக்கு அதுவே நிறைய வீடுகளில் முதல் அட்டையாக இருக்கிறது. எளிதில் கிடைக்கிறது, பையில் மடங்கிப் போகிறது. ஆனாலும் அடித்தளம் பிறப்புச் சான்றிதழ்தான். 2023 அக்டோபர் 1 முதல் திருத்தப்பட்ட சட்டப்படி, அன்றும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், அரசு வேலை, ஆதார் என எல்லாவற்றுக்கும் பிறந்த தேதியைக் காட்ட அதுவே போதும். பாஸ்போர்ட்டுக்கும் அவர்களிடம் அது ஒன்றே பிறந்த தேதிச் சான்றாக ஏற்கப்படுகிறது. காதைத் தொட்ட காலத்திலிருந்து எவ்வளவு தூரம் வந்துவிட்டோம்!

விமான நிலைய வாசலில் உள்ள அடையாளச் சான்று விதி பெற்றோரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. நம் குழந்தைகளோ பெற்றோரோடு மட்டும் பயணம் செய்பவர்கள் அல்ல. கோடை விடுமுறை வந்தால் தாத்தா பாட்டி வந்து அழைத்துப்போவார்கள். சித்தியோடு போகும், மாமாவோடு திரும்பும். அன்று இதில் யாருக்கும் ஐயம் எழுந்ததில்லை, “பேரனா பாட்டிம்மா?” என்ற விசாரிப்போடு முடிந்தது. இன்று “பெற்றோரோடு வரும் சிறாருக்குத் தேவையில்லை” என்ற வரியின் நிழல் பாட்டிக்குக் கிடைக்காது. பள்ளிப் பிள்ளையானால் பள்ளி அட்டையும், சின்னதானால் ஆதாரோ பிறப்புச் சான்றிதழோ பாட்டியின் பையில் இருக்க வேண்டும். பெற்றவர்களின் அட்டைப் படியும், எங்கள் சம்மதத்தோடு போகிறது என்று கையெழுத்திட்ட ஒரு கடிதமும் இருந்தால் இன்னும் நல்லது. யாரும் கேட்காமலே போகலாம். கேட்டால் மட்டும் எழுபது வயதுக்காரர் கைப்பேசியில் எதையும் தேடித் தவிக்கக் கூடாது.

அந்தக் கேள்வி பாட்டிக்கு வலிக்கும் என்பது தெரியும். ஆனாலும் கேட்கத்தான் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பழைய நம்பிக்கையைப் போற்றிப் பேசும்போது, அதன் மறைவில் யார் யாரெல்லாம் போயிருக்கலாம் என்பதை நாம் யோசிப்பதில்லை. தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் சொல்லும் உறவை, குழந்தை மறுத்துப் பேச முடியாது. 2019இல் நாமக்கல் மாவட்டம் ராசிபுரத்தில் பச்சிளம் குழந்தைகளை விலைபேசிய ஒரு தொலைபேசி உரையாடல் வெளியாகித் தமிழகமே அதிர்ந்தது. அதில் நிறத்துக்கும் எடைக்கும் ஏற்ப விலை இருந்தது. அதைவிட என்னை உலுக்கியது, பிறப்புச் சான்றிதழுக்கும் சேர்த்தே பேரம் பேசப்பட்டதுதான். தாளும் விலைக்கு வரும் என்றால், தாள் கேட்பதால் மட்டும் குழந்தைக்குக் காவல் வந்துவிடாது. பதிவு செய்யும் இடம் நேர்மையாக இருக்க வேண்டும். கவுன்டரில் இருப்பவர் தாளைப் பார்த்த கண்ணால் குழந்தையையும் ஒரு தடவை பார்க்க வேண்டும்.

தனியே பறக்கும் பிள்ளைகள் விஷயத்தில் அந்தப் பார்வையை விமான நிறுவனங்கள் ஏற்கெனவே கற்றுவைத்திருக்கின்றன. பொதுவாக ஐந்து வயது நிறைந்து பன்னிரண்டுக்கு உட்பட்ட பிள்ளை பெரியவர் துணையின்றிப் போனால், ஏற்றிவிடுபவர் யார், இறங்குமிடத்தில் கூட்டிச்செல்பவர் யார் என்று படிவம் எழுதி, பணியாளர் ஒருவர் கைப்பிடித்து அழைத்துப்போய், அந்தப் பெயருக்குரியவரின் அட்டையைப் பார்த்துக் கையெழுத்து வாங்கிய பிறகே ஒப்படைக்கிறார். அன்றும் இந்த ஏற்பாடு இருந்தது, இன்றும் இருக்கிறது. சான்று கேட்பதும் அன்பாக நடப்பதும் ஒன்றுக்கொன்று பகையில்லை என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.

தமிழ்நாட்டில் இன்று நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேற்பட்ட பிரசவங்கள் ஆஸ்பத்திரியில்தான் நடக்கின்றன. தாயும் பிள்ளையும் வீட்டுக்குக் கிளம்பும்முன் சான்றிதழைக் கையில் கொடுத்துவிடுங்கள் என்று 2025இல் இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகமும் அறிவுறுத்தியிருக்கிறது. அது எல்லா ஊரிலும் உண்மையாகவே நடந்தால், விமான நிலையக் கவுன்டரில் கைக்குழந்தையோடு தாய் கண்கலங்கி நிற்கும் காட்சி அநேகமாக ஒழிந்துவிடும். அதுவரை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறந்த 21 நாளுக்குள் பிறப்பு பதிவாகிவிட்டதா என்று உறுதிசெய்யுங்கள். முதல் சான்றிதழுக்குக் கட்டணம் இல்லை. பெயர் முடிவாகாவிட்டால் கவலை வேண்டாம். ஓராண்டு வரை கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம், அதற்குப் பிறகு தாமதக் கட்டணத்தோடு பதினைந்து ஆண்டுவரை சேர்க்கலாம். ஆனால் தள்ளிப்போடாதீர்கள். குழந்தையோடு ஊருக்குக் கிளம்பும்போது பால்புட்டியும் மாற்றுத்துணியும் வைக்கும் பையில் அந்தச் சான்றிதழின் படி ஒன்றையும் வைத்துவிடுங்கள். அசலைக் கைப்பையில் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.